மார்வலியும் மாரடைப்பும்

நெய்வேலியில் சுரங்கத்திற்கும் அனல்மின் நிலையத்திற்கும் இரவென்றும் பகலென்றும் முறை மாற்றி வேலைக்குச் செல்வோர் பலர். இரவு வேலை முடித்து வந்தவர் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றால், வீட்டில் பெரும்பாலும் எழும் முதற்சொல் 'வாயு' என்பதே. சோடாவும் ஓமநீரும் உடனே வந்துவிடுகின்றன. மருத்துவமனையின் நினைவு பிறகே வருகிறது.

மாணவர்களே, இதயத் தசையை ஊட்டும் இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைப்பதால் நேர்வதே பெரும்பாலான மாரடைப்பு. இரத்தம் பெறாத தசை சிறிது சிறிதாக மடிகிறது. நடு மார்பில் கல்லை ஏற்றினாற் போன்ற அழுத்தம், தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியன அறிகுறிகள். ஆனால் அது மேல்வயிற்று எரிச்சலாகவும் வரும். நீரிழிவுடையோர், முதியோர், மகளிர் ஆகியோரிற் சிலருக்கு வலியே இன்றி மூச்சுத் திணறலும் அயர்வும் மட்டும் தோன்றும். எனவே திண்ணையில் அமர்ந்து 'இது வாயுதான்' என்று தீர்ப்பளிக்க எவராலும் இயலாது.

அதற்கு உதவுவது ஈ.சி.ஜி. என்னும் இதய மின்வரைபடம். இதனை உருவாக்கிய டச்சு அறிஞர் எயின்தோவன் 1924ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். குழாய் முற்றும் அடைபட்டால் வரைகோட்டின் ஒரு பகுதி பெரும்பாலும் தன் மட்டத்தினின்று மேலெழும்பும். ஆயினும், முதல் வரைபடம் பழுதற்றிருப்பதால் மாரடைப்பு இல்லை என்று பொருளன்று! வலி நீடித்தால் சிறிது நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் எடுப்பர். சிதைந்த தசையினின்று கசியும் டிரோபோனின் என்னும் புரதமும் இரத்தத்தில் தென்படச் சில மணி நேரம் ஆகலாம். ஆதலின் அச்சோதனையையும் இருமுறை செய்வதுண்டு. இந்தக் காத்திருப்பைக் கட்டணம் பெருக்கும் தந்திரம் என்று முணுமுணுப்போர் உளர். அது தவறான எண்ணம்.

வரைபடம் அடைப்பைக் காட்டிவிட்டாலோ காத்திருத்தல் கூடாது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு திட்டம் ஆராயப்பட்டது. 2,420 நோயாளரைக் கொண்ட அவ்வாய்வில், ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023ஆம் ஆண்டில் 'இதயம் காப்போம்' திட்டம் தொடங்கப்பெற்று, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது.

நோயாளரை நடக்க விடுவதும், இருசக்கர வண்டியில் ஏற்றிச் செல்வதும் ஆகா. 108 என்னும் எண்ணை அழைத்தால் வரும் வண்டியில், வழியில் நிலை மோசமானால் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் இருப்பார்.