கருவியின் விலையும் கம்பனியின் ஆயுளும்

சென்ற மாதம் எமதூரில் முன்பு புடைவைக் கடை நடத்திய நானா ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நீரிழிவினால் அவருக்கு இரு கண்களிலும் பார்வை போய்விட்டது. கட்டாரில் தொழில் பார்க்கும் மகன், பார்வையற்றோருக்கு வழி காட்டும் கைப்பட்டி ஒன்றை அனுப்பப்போகிறாராம். "தம்பி, யாவாரத்தைப் பத்தி எழுதுறீங்களே, இதை வாங்கலாமா?" என்று கேட்டார்.

இத்தகைய கருவிகளில் பல வௌவாலின் முறையில்தான் வேலை செய்கின்றன. நமது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிரிலுள்ள பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்து, அதிர்வினால் உணர்த்துகின்றன. வெள்ளைப் பிரம்பு குழியையும் படியையும் சொல்லிவிடும். லொறியின் பின்பலகையையோ திறந்து கிடக்கும் ஜன்னலையோ அது அறியாது. நானாவின் நெற்றித் தழும்பே அதற்குச் சாட்சி. ஆகவே இவை பிரம்புக்குத் துணையே தவிர மாற்றீடல்ல.

இவ்வியாபாரத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் டில்லி ஐ.ஐ.டி.யில் உருவான 'ஸ்மார்ட்கேன்'. உடலில் அணிவதல்ல, பிரம்பின் பிடியாகப் பொருத்துவது. மூன்று மீற்றர் வரை தடைகளை உணரும். 2014இல் வெளிவந்தபோது விலை சுமார் 3,000 இந்திய ரூபா. வாங்குபவரின் சட்டைப்பையைப் பார்த்துச் செய்த பொருள்.

மறுபக்கம் அமெரிக்காவின் 'ஆர்கஸ் 2'. மூக்குக்கண்ணாடியில் கமரா, உடலில் அணியும் சிறு கணினி, சத்திரசிகிச்சை மூலம் விழித்திரையில் பதிக்கும் மின்முனைகள். 2013இல் அங்கு அனுமதி கிடைத்தது. விலை சுமார் 1,50,000 டொலர். உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டனர். 2019இல் கம்பனி அதைக் கைவிட்டது. 2020இல் ஊழியர்களில் பெரும்பாலானோரை வீட்டுக்கு அனுப்பியது. அதன்பின் கருவி பழுதானவர்களுக்குத் திருத்தித் தர ஆளில்லை. குளிர்சாதனப்பெட்டி விற்ற கம்பனி மூடப்பட்டால் வேறொன்று வாங்கலாம். கண்ணுக்குள் இருப்பதை என்ன செய்வது?

நானாவுக்கு வரவிருப்பது கையில் கட்டுவது, அந்தளவு ஆபத்தில்லை. எனினும் பற்றரி தேய்ந்தால் யார் மாற்றுவது, இலங்கையிலிருந்து திருத்த அனுப்பினால் செலவு யாருடையது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்கும்படி மகனிடம் சொன்னேன். ஒரு மாதமாகிறது, பதில் வரவில்லை.

நானா இப்போதைக்கு ஒரு புதிய பிரம்பு வாங்கியிருக்கிறார்.