ஃப்ரீசிங்க்கா, ஜி-சிங்க்கா? வாங்கும் முன் பார்க்க வேண்டியது வேறு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கோ, மூணாறிலிருந்து போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ போய் கேமிங் மானிட்டர் வாங்குகிறவர்களுக்கு, பொருள் ஒத்துவராவிட்டால் மாற்றுவதற்கே இன்னொரு நாள் போய்விடும். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படத்தை மாற்றும். வெடியும் புகையுமாக இருக்கும் காட்சியில் ஒரு ஃபிரேமை வரைய கிராபிக்ஸ் கார்டுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகலாம். வரைந்ததுமே அனுப்பினால் திரையின் மேலே பழைய படம், கீழே புதிய படம் என்று நடுவில் கிழிந்து தெரியும். வி-சிங்க் போட்டால் கிழியாது. ஆனால் அந்த ஃபிரேம் 33.3 மில்லிசெகண்ட் வரை காத்துக் கிடக்கும், ஆட்டம் திக்கித் திக்கி நகரும். அடாப்டிவ் சிங்க்கில் காத்திருப்பது மானிட்டர். ஃபிரேம் எப்போது வருகிறதோ அப்போது படம் மாறும்.

கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா இந்த வசதியை ஜி-சிங்க் என்ற பெயரில் 2013 அக்டோபரில் அறிவித்தபோது மானிட்டருக்குள் தனி போர்டு வைக்க வேண்டியிருந்தது, விலையும் ஏறியது. 2014 மே மாதம் வெசா அமைப்பு இதே வசதியை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. அதை வைத்து ஏஎம்டி கொண்டுவந்த ஃப்ரீசிங்க் 2015 மார்ச்சில் பயன்பாட்டுக்கு வந்தது. கடைசியில் 2019 ஜனவரியில் என்விடியாவும் ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல் இந்தத் திறந்த தரத்தை ஏற்றுக்கொண்டது. சாமானியர் வாங்கும் விலைக்கு இது வந்ததற்குக் காரணம் அந்தத் திறந்த தரம்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே ஸ்டிக்கரைவிட முக்கியம், எத்தனை ஹெர்ட்ஸ் முதல் எத்தனை வரை சிங்க் ஆகும் என்பது. 48 முதல் 75 வரை என்று போட்டிருந்தால், ஆட்டம் 40 ஃபிரேமுக்கு இறங்கியதும் சிங்க் விட்டுப்போகும். 48 முதல் 144 வரை என்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் இருமுறை காட்டி, 80 ஹெர்ட்ஸில் ஓட்டிச் சமாளிக்கும். சுமாரான கார்டு வைத்திருப்பவருக்குத்தான் இந்த வசதி அதிகம் தேவை. அது குறைந்த விலை மானிட்டர்களில் விடுபட்டுப்போவது எனக்கு ஆதங்கம். ஃப்ரீசிங்க் பிரீமியம் முத்திரை இருந்தால் இது கட்டாயம் இருக்கும்.

என்விடியா கார்டு என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே மாட்டுங்கள். பழைய எச்டிஎம்ஐ வழியாகப் பெரும்பாலும் சிங்க் கிடைக்காது. மாட்டியதும் மானிட்டரின் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். பல மாடல்களில் ஃப்ரீசிங்க் ஆஃபில்தான் இருக்கும்.