மின்சாரப் பார வண்டி: வாங்குவோர் அறிய வேண்டியவை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரம், மலாயாத் தோட்டங்களின் ரப்பர் கப்பலேறிய துறைமுகமாக நம் முன்னோருக்கு அறிமுகமானது. அங்கிருந்து 1886ஆம் ஆண்டில் நீராவி டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1905இல் சிங்கப்பூருக்கு மின்சார டிராம் வந்தது. 1926 முதல் 1962 வரை, மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெற்ற டிராலி பஸ்கள் ஓடின. ஆகவே, மின்சாரத்தால் வண்டி ஓடுவது அந்நகருக்குப் புதுமையன்று. கம்பியின் துணையின்றி, வேண்டிய மின்சாரத்தைத் தன் வயிற்றிலேயே சுமந்து செல்வதுதான் இன்றைய வண்டியின் புதுமை.

இப்பொழுது பிக்கப் எனப்படும் சிறு பார வண்டியும் மின்சாரத்தால் ஓடுகிறது. தாய்லாந்தில் தயாராகி, 2025 முதல் வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் இசுசு டி-மேக்ஸ் மின்சார வண்டியை எடுத்துக் கொள்வோம். அதன் மின்கலம் 66.9 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒரு முறை நிரப்பினால் 263 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக் கணக்கு. அதாவது, 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 யூனிட் செலவாகும். உங்கள் வட்டாரத்து மின்கட்டணத்தால் இதைப் பெருக்கி, டீசல் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

ஆயினும், சோதனைக் கணக்கும் அன்றாட ஓட்டமும் ஒன்றல்ல. பாரம் ஏற்றினாலும், மேட்டில் ஏறினாலும், வேகமாக ஓட்டினாலும் தூரம் குறையும். பின்னால் உயரமான இழுவை வண்டியைப் பூட்டினால், தூரம் பாதியளவாகக் குறைவதும் உண்டு. மாறாக, தஞ்சோங் பகார் போன்ற நகர்ப்புறத்தில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு ஒரு நன்மை உண்டு. வேகத்தைத் தணிக்கும்போது, மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கி மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. இதனால் பிரேக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கின்றன. இயந்திர எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மின்னேற்றம். வீட்டிலுள்ள மூன்று முனைச் செருகியில் 10 ஆம்பியர் அளவில் ஏற்றினால், மணிக்கு 2.3 யூனிட்தான் கிடைக்கும். வெறுமையான மின்கலம் நிரம்ப ஏறத்தாழ 30 மணி நேரமாகும். நாள்தோறும் 80 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 20 யூனிட் போதும். ஓர் இரவில் அதை நிரப்பிவிடலாம். 7 கிலோவாட் மின்னேற்றியாக இருந்தால் மூன்று மணி நேரமே ஆகும். ஆனால், பழைய லயத்து வீடுகளின் கம்பிகள் இரவு முழுதும் இத்தகைய சுமையைத் தாங்கும் என நம்பிவிடலாகாது. கம்பி சூடேறினால் தீப்பற்றக்கூடும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்த பின்னரே வண்டியை இணைக்க வேண்டும். நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்துவது கூடவே கூடாது.

சிங்கப்பூரில் இதற்கெனத் தனிச் சட்டம் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மின்னேற்றிகள் அங்கீகாரம் பெற்றுப் பதிவு செய்யப்பட வேண்டும். 2030க்குள் 60,000 மின்னேற்று முனைகளை அமைப்பது அந்நாட்டின் இலக்காகும். தூய்மையான சிறு பார வண்டிகளுக்கு 2021இல் 30,000 வெள்ளி ஊக்கத்தொகை நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது 15,000 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. எனவே, சலுகையை நம்பி வாங்குவோர் அன்றைய நிலையைக் கேட்டறிவது அவசியம்.

வெள்ளக் காலத்திலும் எச்சரிக்கை தேவை. மின்கலம் நீர் புகாதவாறு மூடப்பட்டிருப்பதால், மழையில் ஓட்ட அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை இயக்கவோ மின்னேற்றவோ கூடாது. நீர் வடிந்து பல நாள்கள் சென்ற பின்னரும் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. அதை வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்தி, பயிற்சி பெற்றவரை அழைக்க வேண்டும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது. அவற்றைத் தொடலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நம் தொழிலோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. மின்கலத்தின் எடையால் இவ்வண்டி டீசல் வண்டியைவிடக் கனமானது. புறப்படும் கணத்திலேயே முழு இழுவிசையும் சக்கரத்தில் விழுகிறது. இவ்விரண்டாலும் டயர் விரைவில் தேய்கிறது. வண்டி வைத்திருப்பவருக்கு இது கூடுதல் செலவு. ஆனால், சூட்டையும் கிழிசலையும் தாங்கும் வலிமை இயற்கை ரப்பருக்கு உண்டு. பாரம் சுமக்கும் டயர்களில் அது மிகுதியாகச் சேர்க்கப்படுவது அதனால்தான். டீசலை விட்டுவிட்ட வண்டியாலும் நீங்கள் வெட்டியெடுக்கும் பாலை விட்டுவிட முடியவில்லை.

குடும்பத்தார் சேமிப்பைத் திரட்டிப் பழைய மின்சார வண்டி ஒன்றை வாங்க எண்ணினால், நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள். நாள்தோறும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டம்? எவ்வளவு பாரம்? இரவில் எங்கே மின்னேற்றுவது? மின்கலத்தின் உத்தரவாதம் இன்னும் எத்தனை ஆண்டு? நான்காவது கேள்வியே தலையாயது. மின்கலத்தை மாற்ற நேர்ந்தால், வண்டியின் விலையில் பெரும் பகுதி அதற்கே போய்விடும். விடைகளைத் தாளில் எழுதிக் கணக்கிட்ட பின்னரே முன்பணம் கொடுங்கள்.