லாரி எவ்வளவு ஆயில் சாப்பிடலாம்?

நாமக்கல் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பத்துச் சக்கர லாரி, ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மாதம் 8,000 கி.மீ. ஓடுகிறது, டீசல் 2,000 லிட்டர் ஆகிறது. ஆயில் மாற்றுவது போக, மாதம் 4 லிட்டர் டாப்-அப் செய்ய வேண்டியிருக்கிறது. மெக்கானிக், “ரிங் போச்சு, என்ஜினை இறக்கணும்” என்கிறார். கடைக்காரர், “இந்த டப்பாவை ஊத்துங்க, ஒரு சொட்டு குறையாது” என்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் நம்ப வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்ஜினுக்குள் நடக்கிற வேலைகளில் எனக்கு ஆக வியப்பானது இதுதான்.

பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங்குகள். மேலே இருக்கும் இரண்டும் வாயுவைத் தடுக்கின்றன, மூன்றாவது ஆயிலை வழித்துக் கீழே அனுப்புகிறது. ஆனால் முழுவதையும் வழித்துவிடக் கூடாது. லைனர் சுவரில் ஓரிரு மைக்ரான் கனத்துக்கு ஆயில் படலம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு உரசி என்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்தப் படலத்தின் மேல்பகுதி நெருப்பைப் பார்க்கிறது, அதில் துளி ஆவியாகி எரிகிறது. ஆயில் குறைவதன் அடிப்படை இவ்வளவுதான்.

தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்போமே, அந்த வெங்காயம்தான் ரிங். எண்ணெய் குறைந்தால் தோசை ஒட்டும், கூடினால் புகையும். வார்ப்பிரும்புக் கல்லின் நுண்ணிய குழிகள் எண்ணெயைப் பிடித்துவைப்பதைப் போல, லைனர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக வேண்டுமென்றே கீறிய கோடுகள் ஆயிலைப் பிடித்துவைக்கின்றன. புதுக் கல் பழகும்வரை எண்ணெயைக் கூடுதலாக இழுக்கும், புது என்ஜினும் அப்படியே. குறைந்த தீயிலேயே விட்ட கல்லில் எண்ணெய் பிசுக்காக உறையும். லோடு இல்லாமல் மணிக்கணக்கில் ஐட்லிங்கில் நிற்கிற என்ஜினின் லைனரிலும் அதே பிசுக்கு படிந்து கீறல்களை மூடிவிடும்.

ஐட்லிங் ஏன் கெடுதல் என்பதில்தான் ரிங்கின் நுட்பம் இருக்கிறது. ரிங் தன் விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை, அந்த விறைப்பு மிகச் சிறியது. எரியும் வாயு ரிங்குக்கும் அதன் பள்ளத்துக்கும் இடையிலுள்ள சந்தில் நுழைந்து, ரிங்கின் முதுகுப்புறம் போய், அதை வெளியே தள்ளிச் சுவரோடு இறுக்குகிறது. தப்பிக்கப் பார்க்கும் வாயுவே தன் வழியை அடைத்துக்கொள்கிறது! இன்றைய லாரி என்ஜினில் அழுத்தம் 150 பாரையும் தாண்டும். லோடு ஏறஏற அழுத்தமும் ஏறும், ரிங்கின் பிடியும் இறுகும். லோடு இல்லாதபோது பிடி தளர்கிறது, ஆயில் மேலே ஏறுகிறது. பள்ளத்தில் கரி அடைத்தாலும் இதே கதிதான். வாயு முதுகுப்புறம் போக முடியாது, நல்ல ரிங்கும் வேலை செய்யாது.

வெட்டுவிட்ட உலோக வளையத்தைப் பிஸ்டனில் மாட்டும் யோசனை ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேயப் பொறியாளருடையது. 1850களில் நீராவி என்ஜின்களுக்காகச் செய்தார். அதற்கு முன் சணலைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தார்கள். வரலாறு இதற்கு மேல் நமக்கு வேண்டாம்.

இப்போது வாசகரின் 4 லிட்டரைக் கணக்குப் போடுவோம். சராசரியாக மணிக்கு 40 கி.மீ. என்றால் மாதம் 200 மணி நேரம். நிமிடத்துக்கு 1,400 சுற்று, ஆறு சிலிண்டர். பிஸ்டன்கள் மொத்தம் ஏறக்குறைய 10 கோடி முறை கீழே இறங்குகின்றன. சிலிண்டர் விட்டம் 105 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 125 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து போகிற படலத்தின் கனம் சராசரியாக ஒரு நானோமீட்டர். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்று! ஆயிலின் ஒரு மூலக்கூறுடைய நீளமே இதைவிட அதிகம். சுவரில் இருக்கும் ஆயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விட்டுவிடாத ரிங்கைத்தான் “போச்சு” என்கிறார்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று அளப்பது சரியான வழியல்ல. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் கம்ப்ரஸர் என்ஜின் நின்ற இடத்திலேயே நாளெல்லாம் முழு லோடில் ஓடுகிறது, அதற்குக் கிலோமீட்டரே கிடையாது. என்ஜின் எவ்வளவு உழைத்தது என்பதற்கு டீசல்தான் சாட்சி. ஆகவே ஆயிலை டீசலின் சதவீதமாகச் சொல்ல வேண்டும். பழகி முடிந்த நல்ல புது என்ஜினில் 0.1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பல லட்சம் கிலோமீட்டர் ஓடியதில் 0.2, 0.3 வரை பொதுவாகக் கவலையில்லை. 0.5ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு ஓர் அளவு சொன்னால் அதுவே முடிவு.

பிஎஸ்-6 வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆயிலில் சேர்த்துள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்து சாம்பலாகும். ஒரு லிட்டர் எரிந்தால் 8 கிராம் வரைகூட ஆகலாம். புகைவழியில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் கரி எரிந்து போய்விடும், சாம்பல் போகாது. தங்கித் தங்கி அடைக்கும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்பது அதனால்தான்.

ஒரு சொட்டும் குறையாத என்ஜினைக் கண்டால் நான் மகிழ மாட்டேன். எரியாத டீசல் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்தாலும் ஸ்டிக்கில் அளவு குறையாது, சில நேரம் ஏறும். கூலண்ட் கசிந்து உள்ளே வந்தாலும் அப்படித்தான். அளவு சரியாகத் தெரியும், ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கும். ஸ்டிக்கில் அளவு ஏறுவதைக் கண்டுதான் பயப்பட வேண்டும். டப்பா மருந்துகளில் பல ஆயிலைக் கெட்டியாக்கும், புகை சில நாள் அடங்கும். தேய்ந்த லைனரை அவை வளர்ப்பதில்லை.

வாசகரின் வண்டி 0.2 சதவீதம். ஐந்து லட்சம் ஓடிய என்ஜினுக்கு இது நல்ல கணக்கு. இறக்க வேண்டாம், டப்பாவும் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, ஒவ்வொரு முறையும் அதேபோல ஸ்டிக்கைப் பாருங்கள். ஊற்றிய டீசலையும் ஆயிலையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் 0.2 என்பது 0.4 ஆனால் முதலில் ஆயில் போகக்கூடிய மற்ற வழிகளான டர்போவையும் பிரீதர் குழாயையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ரிங்கில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.