விடுதி வாசலும் வீட்டு வாசலும்

1920இல் சென்னை மாகாணம் சிறார் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. குற்றம் செய்த சிறுவனுக்கும் கேட்பாரற்றுத் திரிந்த சிறுவனுக்கும் சேர்த்தே எழுதப்பட்ட சட்டம் அது. திருடியவனும் பசியில் அலைந்தவனும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடங்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. உயரமான சுற்றுச்சுவர், மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உண்டு மணியடித்தால் உறங்கும் நாள். அந்தச் சீர்திருத்தப் பள்ளிகளை நடத்திய துறையே சிறைத் துறையிலிருந்து பிரிந்து வந்ததுதான்.

அன்றும் நன்னடத்தை அலுவலர்கள் இருந்தார்கள், விசாரித்தார்கள், அறிக்கை எழுதினார்கள். ஆனால் அந்த விசாரணை பெரும்பாலும் இல்லாமையையே தேடியது. தகப்பன் இல்லை, வேலை இல்லை, நிலையான வீடு இல்லை. மூன்று ‘இல்லை’ சேர்ந்தால் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அந்த வீட்டில் என்ன இருக்கிறது, ஒரு பாட்டியா, ஒரு தாய்மாமனா, மாலையில் எரியும் ஓர் அடுப்பா என்று பார்க்கும் வழக்கம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

இந்த அரசுப் பள்ளிகளுக்கு வெளியே இன்னொரு பெரிய உலகம் இருந்தது. மிஷன் விடுதிகள், அறக்கட்டளை இல்லங்கள், கருணை இல்லங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையில் பிள்ளையுமாக அவற்றின் வாசலில் தாய்மார்கள் நின்றார்கள். தாசில்தார் கொடுத்த சான்று ஒன்று, பெரிய மனிதர் யாராவது எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று. ‘பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டிருக்கேன்’ என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். பதிவேட்டில் அந்தப் பிள்ளை ‘ஆதரவற்றோர்’. தாயோ உயிரோடு இருக்கிறாள், கூலிக்குப் போகிறாள், பொங்கலுக்கு வந்து அழைத்துப்போகிறாள். மூன்று வேளை சோறும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அப்படித்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கிடைத்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் தாயிடம் ‘பிள்ளையை உன்னோடு வைத்துக்கொள்ள மாதம் எவ்வளவு பற்றாக்குறை?’ என்று கேட்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை.

சட்டம் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1986இல் ஜம்மு காஷ்மீர் நீங்கலாக நாடு முழுமைக்கும் ஒரே சிறார் நீதிச் சட்டம் வந்தது. அதில் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு 16, பெண் பிள்ளைக்கு 18. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்றாக்கி, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கெனக் குழந்தைகள் நலக் குழுவை ஏற்படுத்தியது. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துடையது, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது.

இன்று ஒரு பிள்ளை எப்படிக் குழுவின் முன் வருகிறது என்று பார்ப்போம். ரயில் நிலையத்தில் தனியாக நின்றாலும், ஆசிரியை கண்ட காயத்தால் விஷயம் வெளிவந்தாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாதத்தில் 20 நாளாவது குழு கூட வேண்டும். முதல் வகுப்பு நடுவருக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு. சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும்; இறுதி ஆணை நான்கு மாதத்துக்குள். அந்த விசாரணை அறிக்கையைத்தான் இத்துறையில் எஸ்.ஐ.ஆர். என்கிறார்கள். 

படிவம் 22 என்று அதற்கு ஒரு படிவம் உண்டு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையே உறவு எப்படி, வீட்டில் குடிப்பவர் உண்டா, பிள்ளைக்குச் சோறு மறுக்கப்பட்டதா, இரக்கமில்லாமல் அடிக்கப்பட்டதா, அடைத்துவைக்கப்பட்டதா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். ஆனால் நல்ல பணியாளர் படிவத்தை எடுத்தவுடன் நீட்டுவதில்லை. திருப்பூர்ப் பக்கம் லைன் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறை, வாசலிலேயே அடுப்பு. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட். பதினோரு வயது மகள் பள்ளியில் ஏதோ சொல்லி அழுதிருக்கிறாள். வந்த பணியாளர் படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். கண் கதவின் உள்தாழ்ப்பாளைப் பார்க்கிறது, தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. பிறகு மெதுவாகக் கேட்கிறார்: “நீங்க ஷிப்டுக்குப் போனா ராத்திரி பாப்பா யாரோடங்க்கா படுத்துக்கும்?”

அந்த ஒரு கேள்வியில்தான் மாற்றம் முழுவதும் இருக்கிறது. அன்று கேட்டது ‘பிள்ளையை எங்கே சேர்ப்பது?’ இன்று கேட்பது ‘இந்த வீட்டில் ஆபத்து எங்கே இருக்கிறது, எந்நேரத்தில் இருக்கிறது, அதை அடைக்க யார் இருக்கிறார்கள்?’ பதிலைப் பொறுத்து வழிகள் பிரிகின்றன. கம்பெனியில் பேசி அம்மாவுக்குப் பகல் ஷிப்ட் வாங்கலாம். பள்ளி விட்டதும் பிள்ளை அம்மிச்சி வீட்டுக்குப் போகலாம். ஆபத்து வீட்டுக்குள் இருக்கும் ஆளாக இருந்தால், அந்த ஆள் வெளியேறும் வரை பிள்ளை இல்லத்தில் தங்கலாம். பாலியல் குற்றமென்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குப் போவதை யாரும் தள்ளிப்போட முடியாது. கண்காணிப்போடு பிள்ளையை வீட்டுக்கே திருப்பி அனுப்பவும் குழுவால் முடியும். பிள்ளைக்கு ஒரு தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்படுகிறது. ஆற்றுப்படுத்துநர் அம்மாவிடமும் பேசுகிறார், பிள்ளையிடமும் தனியே பேசுகிறார். பிள்ளையிடம் கேட்பது என்பதே அன்றில்லாத வழக்கம்.

இந்த மாற்றம் தொட்டில் குழந்தைத் திட்டத்திலும் தெரிகிறது. 1992இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு சேலத்தில் தொட்டில் வைத்தபோது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருட்டில் வந்து விட்டுவிட்டுப் போகலாம். உயிர் பிழைத்தால் போதும் என்ற அவசரம் அது. இன்றைய சட்டத்தில் குழந்தையை ஒப்படைக்க விரும்பும் தாய் குழுவின் முன் வர வேண்டும். ஆலோசனை பெற வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அவகாசம் பெரிய லாபம். மனம் மாறி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. முகம் காட்டாமல் திரும்பிப்போகும் வழி குறுகிவிட்டது என்பது நஷ்டம்தான். விவரங்கள் ரகசியமாகவே வைக்கப்படும் என்றாலும், ஐந்து பேர் அமர்ந்த மேசை முன் வர எல்லாப் பெண்ணுக்கும் துணிவு இருக்காது.

இல்லம் என்றால் பாதுகாப்பு என்று நம்பிய காலமும் முடிந்தது. மாமல்லபுரத்து இல்லம் ஒன்றில் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக வந்த செய்தியை ஒட்டி எழுதப்பட்ட கடிதம், 2007இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. பத்தாண்டுகள் கழித்து, 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்றது. அதுவரை எத்தனை வாசல்களில் பெயர்ப்பலகை மட்டுமே பதிவாக இருந்தது என்பதை இந்த ஆணையே சொல்லிவிடுகிறது.

பிறகு கொரோனா வந்தது. நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த ஏறத்தாழ 2 லட்சத்து 27 ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தத்தம் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் போக ஒரு வீடு இருந்திருக்கிறது! அந்த வீடுகளைச் சாவகாசமாகப் போய்ப் பார்க்கப் பொதுமுடக்கத்தில் யாருக்கு வாய்த்திருக்கும்? வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில். பிள்ளைகள் போய் மாதங்கள் பல ஆகியிருந்தன.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பிள்ளைகள் நலனுக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு இன்று ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். ஜூன் மாத விடுதி வாசலில் நின்ற அந்தத் தாய்க்கு அன்றே கிடைத்திருக்க வேண்டிய உதவி இது. ஆனால் இதற்கு வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. மாதக் கணக்கில் ஆறாயிரமும் எட்டாயிரமும். நாளுக்கு 500 ரூபாய்க்கு மாதம் 25 நாள் தைக்கும் தனித் தாயின் ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சம். விதிப்படி அவள் வரம்புக்கு வெளியே. அவள் வீட்டுக்கு வரும் புறத்தொடர்புப் பணியாளருக்குத் திட்டத்தின் வழிகாட்டுதல் வைத்திருக்கும் மாதச் சம்பளம் 10,592 ரூபாய். அப்படிப்பட்டவர்கள் ஒரு மாவட்டத்துக்கு இருவர். சமூகப் பணியாளர்கள் இருவர். 15 நாள் கெடுவை எழுதியவர்கள் பேருந்து நேர அட்டவணையையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

சொந்தபந்தம் பற்றி ஒரு வார்த்தை. தாய் தகப்பனை இழந்த பிள்ளையை அத்தையோ பெரியம்மாவோ சேர்த்துக்கொள்வது நம் ஊர்களில் பேச்சே இல்லாமல் நடந்தது. எந்தக் காகிதமும் இல்லை. எந்த உதவியும் இல்லை. அந்த வீட்டில் பிள்ளை படித்ததா, பாத்திரம் தேய்த்ததா என்று பார்க்க ஆளும் இல்லை. இன்று அந்த அத்தையை அரசு கணக்கில் எடுத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய்.  ஆனால் கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோகும் அத்தைகள் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடுகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மும்பையில் 1996இல் தொடங்கிய 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் கை மாறிவிட்டது. தொண்டு நிறுவனங்கள் நடத்தியபோது, தெருப் பிள்ளைகளை முகம் பார்த்தே பெயர் சொல்லும் ஊழியர்கள் ஒரு மணி நேரத்தில் வந்து சேர முயன்றார்கள். 2023 முதல் அரசே நடத்துகிறது. 112 அவசர எண்ணோடும் இணைத்தாயிற்று. காவல்துறை விரைந்து வர வழி பிறந்திருக்கிறது. அந்தப் பழைய முகப்பழக்கத்தை அரசு ஆணையால் கொண்டுவந்துவிட முடியாது.

வருமான வரம்பை உயர்த்துவதும் ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவதும் அரசின் வேலை. பக்கத்து வீட்டில் பிள்ளை அலறுவதைக் கேட்டுவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டாமல் இருப்பது நம் வேலை. சாட்சி தேவையில்லை, சந்தேகம் இருந்தாலே அழைக்கலாம். 1098, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை.