உப்புக் காற்றும் வினைல் ஸ்டிக்கரும்

கார் முகப்பில் வெள்ளியாய் மின்னும் சின்னத்தை உலோகம் என்றே பலர் நினைக்கிறோம். பெரும்பாலான கார்களில் அது ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். அதன்மேல் செம்பு, நிக்கல், கடைசியாகக் குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் ஏற்றுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் அந்தக் குரோமியத்தின் கனம் ஒரு மைக்ரானைக்கூட எட்டுவதில்லை.

ஒரகடத்தில் தயாராகும் ரெனால்டின் வைரக்கட்டமோ, திருவள்ளூரில் தயாராகும் சித்ரோயனின் இரட்டைக் கூரைக்கோடோ (கார் செய்யத் தொடங்குமுன் ஆந்த்ரே சித்ரோயன் செய்துவந்த பற்சக்கரங்களின் பல் வடிவம் அது), அந்தச் சின்னத்தின் மேல் கறுப்பு வினைல் ஒட்டிக்கொள்ள இன்று பலருக்கு ஆசை. புதுச்சேரியில் இதை வீட்டிலேயே செய்பவர்கள் முதலில் சமாளிக்க வேண்டியது உப்பை.

கடற்கரைச் சாலையில் நிறுத்திய கார்மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். புதுச்சேரியின் இரவுகளில் இந்த அளவு ஈரம் சர்வசாதாரணம். துணியால் துடைத்துவிட்டு ஒட்டினால் பார்வைக்குச் சுத்தம்தான். ஆனால் விளிம்புக்கு அடியில் தங்கிய உப்பு இரவில் உப்புநீராகிப் பசைக்கும் சின்னத்துக்கும் நடுவே புகுகிறது. ஸ்டிக்கரின் ஓரம் தூக்குவது இப்படித்தான் தொடங்குகிறது. ஆகவே முதலில் ஷாம்பூ தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, உலர்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

ஸ்டிக்கர் பசையில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு: அது காய்வதே இல்லை. மெதுவாக அழுத்தினால் திரவம்போல் நகர்ந்து, பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் போய்ப் படிகிறது. வெடுக்கென்று இழுத்தால் திடப்பொருள்போல் எதிர்க்கிறது. விரலால் தேய்த்த இடத்தில் பிடித்துக்கொள்வதும், ஒரு நாள் கழித்து இன்னும் இறுகுவதும் இதனால்தான். இவ்வகைப் பசை நாடாவுக்கும் காருக்கும் பழைய உறவு உண்டு. இரட்டை வண்ணக் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார்.

வினைல் என்பது பி.வி.சி. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சிப்காட்டில் ஆலை வைத்துத் தயாரிக்கும் அதே வெள்ளைத் தூள்தான் இதற்கும் மூலப்பொருள். தனியே அது விறைப்பானது, குழாய்க்கு ஏற்றது. அதை நெகிழவைக்கும் சேர்மானத்தை வால்டோ செமன் 1926-இல் கண்டறிந்தார். நெகிழும் வினைலை உருளைகளுக்கு இடையே நசுக்கி இழுத்தும் தாளாக்கலாம். கரைசலாக ஊற்றி உலர்த்தியும் தாளாக்கலாம். இழுத்துச் செய்த தாள், தன்னை இழுத்ததை மறப்பதில்லை. மே மாத வெயிலில் கறுப்புப் பரப்பு கொதிக்கும்போது பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். ஊற்றிச் செய்த தாளில் அந்த இறுக்கம் கிடையாது. தலைமுடியைவிட மெல்லியதாக இருப்பதால் வளைவிலும் படிந்து உட்காரும். விலை கூடுதல்தான். ஆனால் வளைவும் மூலையும் நிறைந்த சின்னத்துக்கு அதை வாங்குவதே சரி. அதையும் இழுத்து ஒட்டக் கூடாது. ஹேர் ட்ரையரின் இளஞ்சூட்டில் மெல்லப் படியவிட வேண்டும்.

பலர் ஸ்டிக்கரைச் சின்னத்தின் மேல் ஒட்டிவிட்டு, அங்கேயே பிளேடால் ஓரம் வெட்டுகிறார்கள். அந்த ஒரு கீறலுக்குக் குரோமியம் தாங்காது. கீறல் வழியே உப்புநீர் இறங்கி, அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரித்து முலாமைக் கொப்புளிக்க வைக்கும். ஸ்டிக்கரை மாற்றிக்கொள்ளலாம், முலாமை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. சின்னத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஓரங்களைப் பென்சிலால் தேய்த்து அளவெடுங்கள். டேப்பை உரித்து வினைல்மேல் ஒட்டி, மேசையில் வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். நிழலில் ஒட்டுங்கள், மூன்று நாள் காரைக் கழுவாதீர்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.