இணையம் எங்கே தடைபட்டது? ‘பிங்’ சொல்லும் பதில்

ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் நின்று உரக்கக் கூவுகிறோம். 340 மீட்டர் தொலைவிலுள்ள பாறையில் பட்டு எதிரொலி ஏறக்குறைய 2 வினாடியில் திரும்புகிறது. இதே முறையில் இணையத் தொடர்பையும் சோதிக்கலாம். அதற்கான கட்டளைதான் ‘பிங்’.

அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் இந்த நிரலை 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனாரின் ஓசையே இதற்குப் பெயரானது.

வீட்டில் இணையம் வரவில்லையா? உடனே பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டாம். விண்டோஸ் கணினியின் தேடல் பெட்டியில் ‘சிஎம்டி’ என ஆங்கிலத்தில் தட்டுங்கள். கறுப்புத் திரை ஒன்று தோன்றும். அதில் பிங் கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, கீழ்க்காணும் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

1. 127.0.0.1: இது உங்கள் கணினியே. பதில் வராவிட்டால் கோளாறு கணினிக்குள் இருக்கிறது.

2. ரூட்டரின் முகவரி: ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளை கொடுத்தால் ‘டீஃபால்ட் கேட்வே’ வரியில் அது தெரியும். இங்கே பதில் இல்லையென்றால் வைஃபை, கம்பி, ரூட்டர் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. 8.8.8.8: இது கூகுளின் பொதுச் சேவை முகவரி. ரூட்டர் பதில் தந்து, இது மட்டும் தராவிட்டால் தடை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கும்.

4. ஓர் இணையத்தளத்தின் பெயர்: எண்ணுக்குப் பதில் வந்தும் ‘பெயரைக் கண்டறிய இயலவில்லை’ என்று செய்தி வந்தால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில்தான் சிக்கல்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: பாதுகாப்புக்காகச் சில தளங்கள் பிங்குக்குப் பதிலளிப்பதில்லை. ஆகவே ஒரே தளத்தின் மௌனத்தைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது.

பதிலுடன் வரும் மில்லிவினாடிக் கணக்கில் இயற்பியலும் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் செல்லும். 2002இல் செயல்படத் தொடங்கிய ‘சேஃப்’ கடலடிக் கம்பிவடம் பினாங்கையும் கொச்சியையும் இணைக்கிறது. இரண்டுக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். போய்வர 5,400 கிலோமீட்டர். எனவே கொச்சியிலுள்ள கணினி 27 மில்லிவினாடிக்குள் நமக்குப் பதில் தரவே முடியாது. 5 மில்லிவினாடியில் பதில் வந்தால், பதிலளித்த கணினி நமக்கு அருகில் எங்கோ இருக்கிறது என்று பொருள்.

அடுத்த முறை இணையம் நின்றால், ‘லைன் இல்லை’ என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் படியில் நின்றது என்று குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் சொல்லுங்கள். பழுதை விரைவில் கண்டுபிடிக்க அது உதவும்.